அசதி என்று விட்டுவிடாதீங்க: தைரொயிட் குறைவும் இரத்தப் பரிசோதனையும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் எங்கள் சுகாதாரப் பிரிவினர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)

பின்னால் கதவோரம் நிற்கும் ஐயாமாரும் உள்ளே வந்து உட்காருங்க. இது பொம்பளைங்க விஷயம் மட்டும் இல்ல.

இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பது கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியைப் பற்றி. தைரொயிட் சுரப்பி என்று சொல்லுவோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் கேடயப்போலிச் சுரப்பி என்று படிப்பார்கள். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும். நிறை 20 கிராம் அளவில்தான். ஆனால் உடம்பு முழுவதும் என்ன வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். அடுப்பில் விறகு குறைந்தால் சோறு வேகுமா? தண்ணீர் கொதிக்குமா? அப்படித்தான் இந்தச் சுரப்பி குறைவாகச் சுரந்தால் இருதயத் துடிப்பு, குடல், தோல், மூளை, மாதவிலக்கு எல்லாமே மந்தப்பட்டுப் போகும்.

தைரொயிட் என்றதும் நம்ம ஆட்கள் கேட்பது, "கழுத்து வீங்குமே, கண்டமாலை, அதுதானே?" என்று. வீங்கலாம். வீங்காமலும் இருக்கலாம். கழுத்து சாதாரணமாக இருக்கிறவர்களிலும் பலருக்குச் சுரப்பி குறைந்துதான் இருக்கிறது. கழுத்து வீங்கிய சிலருக்கு சுரப்பு சரியாகவே இருக்கிறது. கழுத்தைத் தடவிப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் பரிசோதனை, பரிசோதனை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அறிகுறிகளைச் சொல்கிறோம், கேளுங்க. தூங்கி எழும்பினாலும் தீராத அசதி. மற்றவர்கள் வெயில் ஏறியதும் கம்பளியைக் கழற்றிய பிறகும் இவங்களுக்குக் குளிர் விடாது. மலச்சிக்கல். தோல் வறண்டு சொரசொரப்பாகும். சீப்பில் முடி கொத்தாக வரும். சாப்பாடு கூடாமலே உடம்பு ஊதும், காலையில் முகமும் கண் இரப்பையும் வீங்கியிருக்கும். குரல் கட்டைக் குரலாகும். மாதவிலக்கு அதிகமாகப் போகும், நாளும் கூடும். மறதி, மனச்சோர்வு, காரணம் இல்லாத அழுகை. இன்னொன்று, கை விரல்கள் விறைத்துப் போவது. கொழுந்து எடுக்கிற கை ஆனதால், "கொழுந்து கிள்ளிக் கிள்ளித்தான் வெறைச்சிப் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். கொழுந்து எடுப்பதாலும் வரலாம். தைரொயிட் குறைந்தாலும் மணிக்கட்டு நரம்பு அமுங்கி இதே மாதிரி விறைக்கும்.

இதில் உள்ள கஷ்டம் என்னவென்றால், இந்த அறிகுறி ஒவ்வொன்றுக்கும் மலையில் ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. குளிருதா? மலைநாடு குளிரத்தானே செய்யும். அசதியா? காலையிலிருந்து மலை ஏறி இறங்கினால் அசதி வராதா? முடி கொட்டுதா? கூடைக்கயிறு தலையில் இழுக்குது. அழுகையா? வீட்டில் பிரச்சினை. இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்து வருஷக்கணக்கில் ஓடிவிடும். ஒரு அறிகுறி மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து, மாதக்கணக்கில் நின்று, கூடிக்கொண்டே போனால் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரி. பெயரும் தோட்டமும் வேண்டாம். நாற்பதுக்கு உட்பட்ட வயது, மூன்று பிள்ளைகள். நல்ல கொழுந்துக்காரி என்று பேரெடுத்தவர். படிப்படியாகக் கிலோ குறைந்தது. நாளுக்கு எடுக்க வேண்டிய அளவு வராததால் அரைப்பேர் விழத் தொடங்கியது. நிறையில் நிற்கும்போது ஏச்சு, லயத்துக்கு வந்தால் புருஷனின் ஏச்சு. "முன்னமெல்லாம் ஓடி ஓடி எடுப்பா, இப்ப சோம்பேறியாயிட்டா" என்று மாமியார் எங்களிடமே சொன்னார். மருந்து எடுக்கப் போகாமல் இல்லை. போன இடத்தில் கண்ணின் கீழ் இமையை விரித்துப் பார்த்து, "இரத்தம் போதாது" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அது பொய்யும் அல்ல. இரத்தம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் குறைந்தது? மாதவிலக்கு பத்து நாள் போனால் குறையாதா? மாதவிலக்கு ஏன் அப்படிப் போனது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இரும்புச்சத்து ஒரு பக்கம் ஏற, இன்னொரு பக்கம் வடிந்துகொண்டே இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது பிரிவு மருத்துவிச்சி அம்மா. கடைசிப் பிள்ளையின் ஊசிக்காக வந்தவர், "உன் குரல் ஏன் இப்படி ஆம்பளக் குரலாப் போச்சு?" என்று கேட்டார். அவர் எழுதிக் கொடுத்த துண்டோடு பெரிய வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் கொடுத்தார். ரி.எஸ்.எச். 100க்கு மேல். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது சொல்கிறோம்.

மூளையின் அடிப்பக்கத்தில் இன்னொரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைரொயிட்டுக்குக் கங்காணி. தைரொயிட் ஒழுங்காக வேலை செய்தால் கங்காணி மெதுவாகத்தான் பேசும். தைரொயிட் பின்வாங்கினால் கங்காணி சத்தம் போடும். இன்னும் வேலை நடக்காவிட்டால் கத்தும். அந்தச் சத்தத்தின் அளவுதான் ரி.எஸ்.எச். ஆகவே ரி.எஸ்.எச். எண் கூடினால் தைரொயிட் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இதிலேதான் பலர் குழம்புகிறார்கள். "எண் கூடயிருக்கு, அப்ப எனக்குத் தைரொயிட் கூடப் போல" என்று பக்கத்து வீட்டில் சொல்லி, அந்த வீட்டுக்காரர் "அப்ப மாத்திரைய விட்டுரு" என்று சொல்ல, விட்டவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து எண்ணை வைத்துக்கொண்டு நீங்களே முடிவெடுக்காதீங்க. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை சாதாரணம். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும், அறிக்கையிலேயே பக்கத்தில் அந்த எல்லை அச்சடித்திருக்கும். ரி.எஸ்.எச். கூடியிருந்தால் அதோடு பிரீ ரி4 என்ற இரண்டாவது பரிசோதனையும் பார்ப்பார்கள். அது தைரொயிட் உண்மையில் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். ரி.எஸ்.எச். கூடி, ரி4 குறைந்திருந்தால் நோய் உறுதி.

ரி.எஸ்.எச். 4க்கும் 10க்கும் இடையில் நின்று, ரி4 சரியாக இருந்தால்? இது நிறையப் பேருக்கு வரும். அப்போது உடனே மாத்திரை தொடங்கத் தேவையில்லாமல் இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். காய்ச்சல், வேறு பெரிய வருத்தம் வந்து தேறுகிற நேரத்தில் அந்த எண் சும்மாவே ஏறி இறங்கும். வயது போனவர்களுக்கும் இயற்கையாகவே கொஞ்சம் கூடும். "மருந்து தராம அனுப்பிட்டாங்க" என்று கோபிக்க வேண்டாம். ஆனால் திரும்பி வரச் சொன்ன திகதிக்குப் போகத் தவறவும் வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் கணக்கு வேறு, அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. கையில் ஒரு தடவை இரத்தம் எடுப்பதுதான். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் இரத்தம் கொடுத்த பிறகு போடுங்க. முடி வளரும் என்று கடையில் விற்கிற பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்க, அது எண்ணைப் பிழையாகக் காட்டிவிடும். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியர் எழுதித் தந்தால் இந்தப் பரிசோதனைக்குக் காசில்லை. எல்லா வைத்தியசாலையிலும் இதைச் செய்கிற வசதி இருக்காது. சிறிய இடமாக இருந்தால் பெரிய வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. கேட்பது குற்றமில்லை. "எனக்கு இன்னின்ன வருத்தம் இத்தனை மாசமா இருக்கு, தைரொயிட் பார்க்கலாமா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்க. பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். சிங்களத்திலும் தைரொயிட் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏன் வருகிறது என்று கேட்பீங்க. முந்திய காலத்தில் இலங்கையின் ஈர வலயத்தில் அயடீன் குறைவால் கழுத்து வீங்கியவர்கள் ஏராளம். 1995இல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. இப்போது பெரியவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி வேறு காரணத்தால். உடம்பின் காவற்படை தன் சொந்தச் சுரப்பியையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. ஹஷிமொட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் 1912இல் இதை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பத்திலும் தொடரும். பிள்ளை பெற்ற பிறகு வரலாம். தைரொயிட் வெட்டி எடுத்தவர்களுக்கும், கதிரியக்க அயடீன் மருந்து குடித்தவர்களுக்கும் வரும். செய்வினையோ கண்ணூறோ அல்ல. கோயிலில் நேர்த்தி வைப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நேர்த்தியும் வையுங்க, இரத்தமும் கொடுங்க.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லுப்பைக் கழுவிப் போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கழுவினால் அயடீனும் தண்ணீரோடு போகும். அடுப்புப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் குறையும். மூடி போட்ட போத்தலில் வையுங்க. அதே நேரம், நோய் வந்தவர்கள் உப்பை அள்ளிப் போட்டால் சுகமாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பிரஷர்தான் கூடும். கோவா சாப்பிடலாமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். சமைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம். கோவா விளைகிற ஊரில் இருந்துகொண்டு கோவாவை விடச் சொல்ல எங்களுக்கும் மனசில்லை.

இனி வைத்தியம். சுரப்பி தராததை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். லிவோதைரொக்சின் என்பது அதன் பெயர், கிளினிக்கில் தைரொக்சின் என்பார்கள். 50, 100 மைக்கிரோகிராம் அளவுகளில் வரும். முழுதாகத் தேவைப்படுகிறவர்களுக்கு உடம்பு நிறையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1.6 மைக்கிரோகிராம் என்பது கணக்கு. வயது போனவர்கள், நெஞ்சு வருத்தக்காரர்களுக்கு 25இல் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் அளவு உங்களுக்குச் சரிவராது. மாத்திரையைக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம்.

தொடங்கிய மறுநாளே சுகம் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் தெரியும். முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். முடி திரும்ப முளைக்க இன்னும் பொறுக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். சரியான அளவு பிடிபட்ட பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பார்த்தால் போதும்.

அந்தச் சகோதரியிடம் திரும்புவோம். மாத்திரை தொடங்கினார். இரண்டு மாதத்தில் எண் இறங்கியது, ஆனால் போதாது. அளவைக் கூட்டினார்கள். திரும்பவும் போதாது. இன்னொரு தடவை கூட்டுவதற்கு முன் கிளினிக்கில் இருந்த தாதி ஒருவர், "இதை எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார். "காலையில தேத்தண்ணியோட. இரத்த மாத்திரையும் இதுவும் ஒண்ணாப் போட்டுருவேன், மறக்காம இருக்க." விஷயம் அங்கேதான் இருந்தது. தேத்தண்ணீர், பால், சாப்பாடு எதனோடும் இந்த மாத்திரை சரியாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியம் மாத்திரையும் இதைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். அவர் மருந்தை ஒழுங்காகத்தான் போட்டார். மருந்துதான் உள்ளே போய்ச் சேரவில்லை.

நம்ம மலையில் தைரொயிட் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். காலையில் எழும்பியதும் முதல் வேலை தேத்தண்ணீர் ஊற்றுவதும் சாதாரணம். தேயிலை விளைகிற நாம்தான் அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்! எழும்பி, வாய் கொப்பளித்ததும் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்க. பிறகு அடுப்பு மூட்டுங்க, பிள்ளைகளை எழுப்புங்க, ரொட்டிக்கு மா பிசையுங்க. அரை மணித்தியாலம் தன்னால் போய்விடும். ஒரு மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. அப்புறம் தேத்தண்ணீர் குடிங்க. இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் நான்கு மணித்தியாலமாவது தள்ளி, பகல் சாப்பாட்டுக்கோ இராத்திரிக்கோ மாற்றுங்க. வயிற்றெரிச்சல் மாத்திரை போடுகிறவர்களும் அதைச் சொல்லுங்க. அந்தச் சகோதரி இந்த ஒரு மாற்றத்தைத்தான் செய்தார். அளவைக் கூட்டாமலே எண் இறங்கியது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது, இரத்தமும் ஏறியது. இப்போது முழுப்பேர் போடுகிறார். மாமியாரும் பழையபடி பேசுகிறார் என்று கேள்வி.

ஒரு நாள் மறந்தால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால், வயிறு காலியான நேரத்தில் போடுங்க. அடுத்த நாள் வழக்கம் போல ஒன்றுதான். இது உடம்பில் நாட்கணக்கில் நிற்கிற மருந்து, ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இதே குணம்தான் ஏமாற்றவும் செய்கிறது. விட்டுப் பார்க்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. "பார்த்தீங்களா, சுகமாயிட்டு" என்று நினைப்பார்கள். மாதம் ஒன்று இரண்டு போனதும் பழைய அசதி மெல்ல வந்து உட்காரும். நீண்ட காலம் வைத்தியமே இல்லாமல் விட்டால் கொழுப்பு கூடும், இருதயம் பலவீனப்படும். முற்றிப் போனவர்கள் குளிர்காலத்தில், அல்லது நெஞ்சுச் சளிக் காய்ச்சலோடு, உடம்பு சில்லிட்டு நினைவு மங்கிக் கிடப்பார்கள். அப்படி ஒருவரைக் கண்டால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்க.

"வாழ்நாள் முழுக்கவா?" என்று முகத்தைச் சுளிக்கிறீங்க. பெரும்பாலானவர்களுக்கு ஆம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வந்த சிலருக்கு மட்டும் திரும்பச் சரியாகலாம், அதையும் வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 1891இல் இங்கிலாந்தில் நியூகாசல் என்ற ஊரில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், இந்த நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாக ஏற்றினார். அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது, மெல்ல மெல்லச் செத்துப்போவதுதான். அந்த அம்மா 74 வயது வரை இருந்தார். நமக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு சின்ன மாத்திரை.

மாத்திரையை வைக்கும் இடத்தையும் பாருங்க. கிளினிக்கில் கடதாசிப் பையில் தருவார்கள். அதை அப்படியே ஈரச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டால், அல்லது அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தால், வெளிச்சத்திலும் ஈரத்திலும் சூட்டிலும் மருந்தின் வலு குறையும். இறுக்க மூடுகிற போத்தலில், மேலே பேர் எழுதி, அலுமாரிக்குள் வையுங்க. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், பிள்ளை எதிர்பார்க்கிறவர்களுக்கும் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மூன்று மாதமும் தாயின் தைரொயிட்தான் வழி. பிள்ளையின் மூளை வளர அது வேண்டும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர், நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கக் கூடாது. பெரும்பாலும் அளவை நாலில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூட்ட வேண்டி வரும். "வயித்துல புள்ள இருக்கும்போது மருந்து ஆகாது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்தை நிறுத்துவதுதான் ஆகாது. பால் கொடுக்கும்போதும் போடலாம். கரு தங்காமல் போகிறவர்கள், பல தடவை கரு கலைந்தவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்க.

பிறந்த குழந்தைக்கும் சிலவேளை இந்தச் சுரப்பி பிறவியிலேயே இல்லாமல் இருக்கும். அதற்காகத்தான் வைத்தியசாலையில் குழந்தையின் குதிக்காலில் ஊசியால் குத்திச் சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். பச்சைப் பிள்ளைக்கு ஏன் குத்தணும் என்று தடுக்காதீங்க. வாரக் கணக்கில் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். விட்டால் புத்தி வளர்ச்சி நின்றுவிடும், பிறகு எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது. திரும்ப அழைத்துக் கடிதமோ தொலைபேசியோ வந்தால் அன்றைக்கே போங்க.

பேச்சு முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே தருகிறோம்.

கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகிறதே என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வருஷத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அதை மறைக்க முடியாது. அளவு பிடிபட்டதும் தடவைகள் குறையும். போகிற ஒவ்வொரு பயணத்தையும் வீணாக்காதீங்க. இரத்தம் கொடுத்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போங்க, இல்லாவிட்டால் இன்னொரு நாளும் போகும். கிளினிக் கொப்பியிலும் அடையாள அட்டையிலும் பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்க. ஒன்றில் அப்பா பேர் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் எழுத்து வேறு, இப்படி நம்ம ஆட்களின் அறிக்கை தேடித் தேடிக் கிடைக்காமல் போன கதை நிறைய இருக்கிறது.

மகளுக்கு உடம்பு ஊதிக்கிடக்கிறது, மெலிய இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கூடவே கூடாது. தேவையில்லாமல் போட்டால், அல்லது அளவு கூடிவிட்டால், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், நாள்பட எலும்பும் தேயும். மாத்திரை போடுகிறவர்களுக்கே இப்படி வந்தால் திகதிக்கு முன்னதாகவே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகவிருக்கும் ஒரு தங்கச்சி கடைசியாகக் கேட்டார், "அங்க போய் மாத்திரைக்கு என்ன செய்றது?" போவதற்கு முன் இரத்தம் பார்த்து, மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை வைத்தியரிடம் வாங்கிக்கொள்ளுங்க. அவர் எழுதித் தருகிற அளவுக்கு, சில மாதத்துக்கான மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுபோங்க. கடிதத்தின் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். வேலைக்குப் போன வீட்டு அம்மாவிடம் முதல் கிழமையிலேயே கடிதத்தைக் காட்டிவிடுங்க. மாத்திரை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கேட்கத் தொடங்குங்க.